கால் படாத குளம்

பழவேற்காட்டு ஏரியில் உள்ள பசியாவரம் தீவில் இருசம்மாளின் கைக்குப் பயப்படாத கால் கிடையாது. அவளிடம் வந்து நீட்டாத காலும் கிடையாது. அவள் செய்த வேலை நரம்புச்சிலந்தி இழுப்பது. பெயர்தான் சிலந்தி, எட்டுக்கால் பூச்சிக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இது ஒரு புழு. வெள்ளை நூல் மாதிரி இருக்கும், இரண்டு முழம் நீளம். காலுக்குள் சுருண்டு கிடந்து, ஒருநாள் கணுக்காலுக்குப் பக்கத்தில் கொப்புளமாகக் கிளம்பும். தீக்கங்கை வைத்து அழுத்தியது போல எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளிருந்து தலை தெரியும். அந்தத் தலையைப் பிடித்து ஒரு ஓலை ஈர்க்கில் சுற்றி, நாளைக்கு இரண்டு விரல்கடை வீதம் வெளியே இழுக்க வேண்டும். இருபது நாள் ஆகும். அவசரப்பட்டால் புழு அறுந்துவிடும். அறுந்தால் உள்ளே சீழ் பிடிக்கும், முழங்கால் மடங்காது, சிலருக்கு உயிரே போகும்.

அந்தக் காலத்தில் பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரரின், கொடி பறந்துகொண்டிருந்தது. கப்பல்கள் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க, துணி மூட்டைகள் படகில் ஏறிப் போகும். அந்தப் பெரிய வியாபாரத்துக்கும் பசியாவரத்துக்கும் நடுவே அரைநாழிகைப் படகு ஓட்டம்தான் தூரம். ஆனால் கோட்டைக்காரன் எவனுக்கும் இந்தத் தீவில் மீன் இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

இருசம்மாளுக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினான்கு வயதில் தன் காலில் வந்ததைத் தானே இழுத்தாள். அழாமல், அறுக்காமல், பத்தொன்பது நாள். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி தன் காலையும் நீட்டினாள். அப்படிப் பிடித்துக்கொண்டதுதான் இந்த வேலை. பங்குனியில் வெயில் ஏறத் தொடங்கினால் அவள் வாசலில் நொண்டிக்கொண்டு வருபவர்கள் கூட்டம். கூலியாக இறால் தருவார்கள், கருவாடு தருவார்கள், ஒன்றும் இல்லாதவன் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவான். அவள் எதையும் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் அந்தக் கும்பிடு அவளுக்குப் பிடிக்கும், அதை மறைக்கவும் மாட்டாள்.

வெயில் காலத்தில்தான் ஏரியில் இறால் பாடு. எந்தப் படகு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர் முறை வைத்துப் பிரித்துக் கொடுக்கும், அதற்குப் பெயர் பாடு. தன் முறை வரும் நாளில் ஒருவன் கால் வீங்கிப் படுத்துக் கிடந்தால் அந்த முறை போனது போனதுதான். அதனால் எல்லோருக்கும் அவசரம். இருசம்மாளுக்கு மட்டும் அவசரம் கிடையாது. "புழு உனக்குப் பொறந்ததா, எனக்குப் பொறந்ததா? அது வர்றப்போ வரும், கம்முனு உக்காரு" என்று அதட்டி உட்காரவைப்பாள்.

எங்கே உட்காரவைப்பாள் என்பதுதான் இந்தக் கதை.

ஏரி முழுக்க உப்பு. தீவின் நடுவே மழைநீர் தேங்கும் ஒரு குளம் உண்டு. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். உப்புக் காலோடு வீட்டு வாசல் ஏறினால் வலையில் மீன் விழாது என்று அந்த ஊரில் ஒரு நம்பிக்கை. ஆகவே ஏரியிலிருந்து வருகிறவன் நேராகக் குளத்துப் படியில் இறங்கி, முழங்கால் வரை நல்ல தண்ணீரில் நனைத்து உப்பைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். அதே படிதான் இருசம்மாளின் வைத்தியசாலை. கொப்புளம் உடைந்த காலைக் குளத்து நீரில் விடச் சொல்வாள். எரிச்சல் அடங்கும், கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பார்கள். குளிர்ச்சி பட்டதும் புழுவும் தலையை நீட்டும். லபக்கென்று பிடித்து ஈர்க்கில் சுற்றிவிடுவாள். அது அவளே கண்டுபிடித்த உபாயம். இருபது வருடமாக ஊரே அந்தப் படியில் வரிசையாக உட்கார்ந்து காலை நனைத்தது. மேல் படியில் பெண்கள் குடத்தை அமிழ்த்தித் தண்ணீர் மொண்டார்கள்.

அவள் கணவன் தருமலிங்கமும் அந்தப் படியில் உட்கார்ந்தவன்தான். முழங்காலில் ஒன்று, கணுக்காலில் ஒன்று என்று அவனுக்கு ஒரே வருடத்தில் இரண்டு புழு. பாடு முறை நாளை என்றபோது பொறுக்க மாட்டாமல், அவள் மீன் காயப்போடப் போயிருந்த நேரத்தில் தானே பிடித்து இழுத்தான். அறுந்துவிட்டது. பதினோராம் நாள் ஜன்னி கண்டு செத்துப்போனான். "எனக்காகப் பொறுத்தானா பாரு, பாவி" என்று அவள் அவனைத் திட்டித் திட்டி அழுதாள். ஒரே மகள் தேவகிக்கு அப்போது ஒன்பது வயது.

தேவகியை ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்மேட்டில் இருந்த ஒரு குப்பத்தில் கட்டிக்கொடுத்தாள். கல்யாணம் ஆன மறு வெயிலில் தேவகியின் காலில் கொப்புளம் கிளம்பியது. மாமியார் கோவிந்தம்மா ஆளனுப்பினாள். இருசம்மாள் ஈர்க்கோடு படகேறிப் போனதும் கோவிந்தம்மா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"வா சம்பந்தி. சீர்ல ஒரு குறையும் வைக்கல, புழுவக் கூடக் கட்டி அனுப்பிச்சிருக்கே."

"இன்னா பேச்சு இது? உங்க ஊர்ல யாருக்கும் வராததா?"

"எங்க ஊர்ல எவளுக்கும் வராது. உங்க தீவுலேர்ந்து கட்டிக்கினு வந்தவளுங்களுக்குத்தான் வருது. அதுவும் மொத வருசம் மட்டும். அப்பால வராது."

குத்திக் காட்டத்தான் கோவிந்தம்மா அப்படிச் சொன்னாள். ஆனால் அந்த வார்த்தை இருசம்மாளின் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. குப்பத்தைச் சுற்றி விசாரித்தாள். பசியாவரத்துப் பெண்கள் மூன்று பேர் அங்கே வாழ்க்கைப்பட்டிருந்தார்கள். மூவருக்கும் வந்த முதல் வெயிலில் புழு வந்திருந்தது, அதற்குப் பிறகு இல்லை. தன் தீவையும் நினைத்துப் பார்த்தாள். வெளியிலிருந்து பசியாவரத்துக்கு வந்த மருமகள்களுக்கு முதல் வெயிலில் ஒன்றும் வராது, இரண்டாவது வெயிலில்தான் வரும். எத்தனை கால்களை மடியில் தூக்கி வைத்திருப்பாள், இது கண்ணில் படவே இல்லையே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. இரண்டு ஊரிலும் ஒரே மீன், ஒரே சோறு. தண்ணீர்தான் வேறு. குப்பத்தில் கடற்கரை மணலில் தினமும் புதிதாக ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடித்தார்கள்.

அப்படியானால் குளத்தில் ஏதோ இருக்கிறது. இந்த வருடம் குடித்தால் அடுத்த வருடம் காலில் வருகிறது. அது குளத்துக்குள் எப்படி வந்தது என்பது மட்டும் விளங்கவில்லை.

அது விளங்கியது பழவேற்காட்டு ஊருக்குள். மறு வருடம் வைகாசி தொடக்கத்தில் துணி வியாபாரி கௌஸ் மைதீனின் வீட்டிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். அவர் காலிலும் நரம்புச்சிலந்தி. அவர் மனைவி நூருன்னிசாவுக்கு ஒரே ஆச்சரியம்.

"இந்தத் தெருவுல யாருக்கும் இது வந்ததில்ல இருசம்மா. இவருக்கு மட்டும் எப்படி?"

"போன வெயில்ல ஐயா எங்க இருந்தாரு?"

"உங்க தீவுலதான். படகு மணல் தட்டி ஒடஞ்சிபோய் பத்து நாள் அங்கேயே கெடந்தாரே."

பத்து நாளும் குளத்துத் தண்ணீரைத்தான் குடித்திருப்பார் என்று இருசம்மாளுக்குப் புரிந்தது. பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று, "கால நனைக்கணும்மா, குளம் எங்க கீது?" என்று கேட்டாள்.

"குளமா? எங்களுக்குக் கெணறுதான். கயிறு போட்டு எறைப்போம். குடிக்கிற தண்ணில யாராச்சும் கால வைப்பாங்களா? இரு, தொட்டி கொண்டாரேன்."

நூருன்னிசா கொண்டுவந்தது கப்பலில் வந்த பீங்கான் தொட்டி. வெள்ளை வெளேரென்று இருந்தது, விளிம்பில் மட்டும் நீலப் பூ. கிணற்றுத் தண்ணீரை, பானை வாயில் நாலாக மடித்துக் கட்டிய துணி வழியாக வடித்து அதில் ஊற்றினாள். கௌஸ் மைதீன் காலை வைத்தார். புழு தலையை நீட்டியது. நீட்டியதும் அதன் வாயிலிருந்து ஒரு வெள்ளைப் புகை தண்ணீரில் பரவியது, அரிசி களைந்த நீர் போல.

இருபது வருடமாக அவள் இதைப் பார்த்ததே இல்லை. குளத்து நீர் கலங்கல், அதில் எதுவும் தெரியாது. இப்போது வெள்ளைத் தொட்டியில் பளிச்சென்று தெரிந்தது. மீனவப் பெண்ணுக்கு அது என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் சினை விடும்போது தண்ணீர் இப்படித்தான் வெளுக்கும். புழு தலை நீட்டுவது குளிர்ச்சிக்காக இல்லை, குஞ்சு போடுவதற்கு. நல்ல தண்ணீர் தேடித்தான் அது காலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. குடிக்கிற குளத்துப் படியில் வரிசையாக உட்காரவைத்து, ஊர்க் கால்கள் அத்தனையிலிருந்தும் அதைச் சினை விடச் செய்தவள் அவளேதான். ஈர்க்கைப் பிடித்தபடி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கௌஸ் மைதீன்தான், "இன்னாம்மா, புழு உள்ள போவுது பாரு" என்று உசுப்பினார்.

வீடு திரும்பும் படகில் அவளுக்கு மகள் நினைவுதான். தேவகி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அடுத்த வாரம் அவளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். வந்தால் மூன்று மாதம் இந்தக் குளத்துத் தண்ணீரைத்தான் குடிப்பாள். அடுத்த வெயிலில் கைக்குழந்தையோடு கால் வீங்கி உட்காருவாள். ஊருக்கு உண்மையைச் சொன்னாலோ, ஊரைக் கெடுத்தவள் என்ற பெயர். ஊர் தூற்றினால் தாங்கிக்கொள்ளலாம். அப்பனைக் கொன்ற புழுவைக் குளத்தில் விட்டவள் அம்மாதான் என்று தேவகிக்குத் தெரிந்த பிறகு, அவள் இந்த வீட்டு வாசலை மிதிப்பாளா, தன் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா? ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு நூருன்னிசாவிடம் போய் அந்தத் தொட்டியை இரவல் கேட்டு வாங்கிவந்தாள்.

வைகாசி நடுவில் ஊர் கூடியது. ஊர்த்தலைவரான பெரியதனம் ஆதிநாராயணன் நடுவே உட்கார்ந்திருந்தார். இருசம்மாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றினாள். அந்த வருடம் புழு கண்டிருந்த பூபதியைக் கூப்பிட்டுக் காலை வைக்கச் சொன்னாள். பூபதிக்கு ஏற்கெனவே ஒருமுறை புழு அறுந்து இடது முழங்கால் மடங்காது. இப்போது வலது காலில் வந்திருந்தது. புழு தலை நீட்டியது. தண்ணீர் வெளுத்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இன்னா இது, சொல்லுங்க" என்றாள் இருசம்மாள்.

வலைக்காரர்களுக்குக் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்ல வாய் வராது. "சினை வுடுது" என்றார் ஆதிநாராயணன் மெதுவாக.

"இந்தத் தண்ணிய யாரு குடிக்கிறீங்க?"

எல்லோரும் குளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாம எல்லாரும் தெனம் இதத்தான் குடிக்கிறோம். இந்த வருசம் குடிச்சா அடுத்த வருசம் கால்ல வருது. உப்புக் கால் கழுவுறோம்னு எறங்கினது பாதி. மீதி நான் உக்கார வெச்சது."

பூபதி தொட்டியிலிருந்து காலை எடுத்தான். "அப்போ எங்கால நொண்டியாக்கினது நீதானா?"

"ஆமாண்டா தம்பி."

"உங்க வூட்டுக்காரரு செத்தது?"

"அதுவும்தான்" என்றாள்.

கூட்டம் கத்தித் தீர்த்தது. அடிக்கப் போனவர்களும் உண்டு, தடுத்தவர்களும் உண்டு. கடைசியில் ஊர் தீர்ப்புச் சொன்னது. குளத்தைச் சுற்றி முள் அடைப்பு. ஒரே ஒரு வழி, அதில் ஒரு பலகை. பலகைமேல் நின்று கயிற்றில் கட்டிய குடத்தால்தான் மொள்ள வேண்டும். உப்புக் காலைக் கரைக்கு வெளியே செம்பில் ஊற்றிக் கழுவ வேண்டும். துணியை நாலாக மடித்து வடிக்காமல் ஒருவரும் குடிக்கக்கூடாது. துணி யோசனை இருசம்மாளுடையது. சின்ன மீனுக்குச் சின்னக் கண் வலை போடுகிறோமே, சினைக்கு எவ்வளவு சின்னக் கண் வேண்டும் என்று அவள் கேட்டபோது ஊர் ஒத்துக்கொண்டது. வடித்த துணியில் பொடிப் பொடியாக ஏதோ துள்ளுவதைப் பார்த்து, அதுதான் புழுவின் குஞ்சு என்று ஊர் நம்பியது. உண்மையில் அது குஞ்சை விழுங்கிய நீர்ப்பூச்சி. இந்த நோய்க்கு இன்றுவரை மருந்து கிடையாது. இந்தியா முழுவதிலும் இந்தப் புழுவை ஒழித்தது முக்கியமாக இரண்டு காரியம்: வடிகட்டும் துணி, கால் இறங்க முடியாத கிணறு. அது நடந்தது நேற்றைக்கு முன்தினம் என்று சொல்லலாம், இருபதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்.

"எவ்ளோ நாள்ல நிக்கும்?" என்று ஆதிநாராயணன் கேட்டார்.

"இதுவரைக்கும் குடிச்சது உள்ள கீது அண்ணே. வர்ற வருசம் வைகாசி வரைக்கும் வரும். ஆனி பொறந்தா ஒருத்தருக்கும் வராது."

"வந்தா?"

"வந்தா நான் இந்த ஊர்ல இருக்க மாட்டேன்."

செய்தி படகேறி அவளுக்கு முன்பே குப்பத்துக்குப் போய்விட்டது. பிரசவத்துக்கு அழைக்கப் போனபோது தேவகி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. கோவிந்தம்மாதான் வந்து, "பொண்ணு வரலைன்றா சம்பந்தி" என்றாள். அன்றைக்கு அவள் குத்திப் பேசவில்லை, அதுவே இருசம்மாளுக்குப் பெரிய அடியாக இருந்தது. ஆடியில் ஆண் குழந்தை பிறந்தது. பிரசவ மருந்தான காயமும் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு போனாள். தேவகி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இருசம்மாள் குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று அவள் அழுத அழுகை தருமலிங்கம் செத்தபோதுகூட அழாத அழுகை.

பிறகு ஒரு வருடம் அவள் குளத்தைக் காவல் காத்தாள். யாரும் அந்த வேலையைக் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டாள். கயிறு அறுந்தால் புதிது முறுக்கினாள். துணி இல்லாத வீட்டுக்குத் தன் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாள். முள்ளைத் தாண்டிக் காலைக் கழுவ வந்தவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "கிழவிக்குக் குளத்த எழுதி வெச்சிட்டாங்களா?" என்று கேட்டார்கள். அவளுக்கு அப்போது நாற்பது வயதுகூட நிரம்பவில்லை.

பங்குனி வந்தது. புழுவும் வந்தது. அவள் முன்பே சொன்னதுதான், ஆனாலும் ஊர் அதை மறந்துவிட்டது. "முள்ளு போட்டோம், துணி கட்டினோம், இன்னா ஆச்சு?" என்று பூபதி அடைப்பை ஒரு பக்கம் பிய்த்து எறிந்தான். அவள் மறுபடி கட்டினாள். வந்தவர்களின் காலை, நூருன்னிசா திரும்பக் கேட்காத அந்தத் தொட்டியில் வைத்துப் புழு இழுத்தாள். அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் உப்பு ஏரியில் கொட்டினாள். சித்திரையில் பதினேழு பேர். வைகாசியில் ஒன்பது பேர். ஆனி பிறந்தது.

ஆனி ஒன்பதாம் நாள் பூபதி நொண்டிக்கொண்டு வந்தான். கணுக்காலில் வீக்கம், நடுவில் கொப்புளம். பின்னால் பாதி ஊர் வந்தது. "ஆனி பொறந்தாச்சு. மூட்டையக் கட்டு" என்றான். இருசம்மாள் அவன் காலைத் தொட்டியில் வைத்தாள். தலை நீளவில்லை. கொப்புளத்தைக் கீறினாள். சீழோடு உள்ளேயிருந்து வந்தது ஒரு கெளுத்தி முள்.

"வலையிலேர்ந்து மீன எடுக்கத் தெரியாதவன்லாம் ஏரிக்குப் போனா இப்படித்தான்" என்றாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. பூபதி மட்டும் நின்றான். அவன் மடங்காத காலைப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டாள். மறுநாள் அடைப்பில் அவன் பிய்த்த இடத்தில் புது முள் வைத்துக் கட்டியிருந்தது, யார் கட்டினார்கள் என்று அவள் கேட்கவில்லை.

ஆனி முடிந்தது. ஒருவரும் வரவில்லை. ஆடியில் ஒருநாள் காலையில் துறையிலிருந்து தேவகி நடந்து வந்தாள், இடுப்பில் ஒரு வயதுப் பையன். வீட்டுக்குள் நுழையவில்லை. வெயிலில் நின்றபடி கேட்டாள்.

"நைனாவுக்கு வந்த புழு குளத்துலேர்ந்து வந்ததுதானே?"

"ஆமா."

"குளத்துல வுட்டது நீதானே?"

"ஆமாடி."

"தெரிஞ்சி வுட்டியா?"

"தெரிஞ்சிருந்தா வுடுவேனா? உங்க நைனாவ வுட எனக்கு யாருடி இருந்தாங்க?"

வெயிலில் பையன் சிணுங்கினான். தேவகி அவனை இடுப்பிலிருந்து இறக்கி, அம்மாவின் கால்மாட்டில் விட்டாள். அம்மாவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டினாள்.

"தாகமா கீதும்மா. ஊத்து" என்றாள்.